நான்கு மூலையும் சமமாய் இறங்கிய கார்

விமான நிலையத்துக்கும் பெரிய ஹோட்டலுக்கும் இடையே வாடகைக் கார் ஓட்டும் அந்த மனிதருக்கு ஸ்டாண்டில் வைத்திருந்த பெயர் ரேடியோ. வைத்த காலத்தில் பொருத்தமான பெயர்தான். அவர் வண்டியில் ஏறியவர், ரேடியோவுக்கு எந்தப் பல்லில் சொத்தை, மாமனார் எதற்குக் கோபித்துக்கொண்டு போனார், மகள் பள்ளிக்கூடத்தில் யாரைக் கடித்து வைத்தாள் என்பது வரை எல்லாம் தெரிந்துகொண்டுதான் இறங்குவார். காதில் இயர்போன் செருகித் தப்பிக்கப் பார்த்தவர்களும் உண்டு. கண்ணாடியில் பார்த்துப் பேசிப் பேசியே அதைக் கழற்ற வைத்துவிடுவார்.

போன வருடம் அவர் மனைவி இறந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவள் திரும்பி வரவில்லை. அதோடு ரேடியோ நின்றுவிட்டது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. புதுப் பெயர் யோசிக்க ஸ்டாண்டில் எவனுக்கும் பொறுமை கிடையாது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பார். உடம்புக்கு என்ன என்றாலும் அதே பதில். சாப்பிட்டாயா என்று கேட்டவனுக்கும் "ஒண்ணும் இல்ல" என்றே சொல்லிவிட்டுப் போனார். கேட்டவன் பாவம், கையில் டீ டம்ளரோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

துக்கம் என்றால் அழ வேண்டும், தூக்கம் கெட வேண்டும் என்று ரேடியோ நினைத்திருந்தார். அவருக்கு இரண்டும் இல்லை. நன்றாகத் தூங்கினார். நேரத்துக்கு எழுந்தார். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தால் குடித்து முடித்த பிறகும் தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பின் கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னம் மாதிரி இருக்குமே, அப்படித்தான் அவருக்கு எல்லாம் இருந்தது.

அவருடைய கார் ஒரு காலத்தில் பெரிய கம்பெனி முதலாளி வைத்திருந்தது. அவருக்கு அலுத்துப் போய், அவருக்குப் பின் இன்னொருவருக்கும் அலுத்துப் போய் ரேடியோவிடம் வந்தது. கறுப்பு நிறம், தோல் இருக்கை, கதவைச் சாத்தினால் சத்தமே வராது. மற்ற கார்களில் சக்கரத்துக்கு மேலே இரும்புச் சுருள் இருக்கும். இதில் சுருளுக்குப் பதிலாக நான்கு மூலைக்கும் நான்கு ரப்பர் பைகள். பட்டறையில் அதைப் பலூன் என்பார்கள். ஒரு பம்ப் காற்றடித்து அந்தப் பலூன்களை நிமிர்த்தி வைக்கும். கார் அதன் மேல் உட்கார்ந்து போகும். பள்ளத்தில் இறங்கினாலும் உள்ளே இருப்பவர் கையில் காப்பி தளும்பாது என்று ரேடியோ பேசுகிற காலத்தில் பெருமையடிப்பார்.

இப்போது சில மாதங்களாகக் காலையில் வந்து பார்த்தால் கார் தரையோடு உட்கார்ந்திருக்கும். சக்கரம் பாதி உள்ளே போயிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் "ஊஊ" என்று நெடுநேரம் இழுத்து அழும். பிறகு வண்டி மெல்ல எழும். தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் ரேடியோ கிளம்புகிறார் என்று அர்த்தம். ஏதாவது வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் திரும்ப அதே ஊஊ. ஒரு பட்டறையில் பம்ப் போய்விட்டது என்று புதுப் பம்ப் போட்டார்கள். அதுவும் சோர்ந்தது. இன்னொரு பட்டறையில், முன்னவன் போட்டது போலி என்று சொல்லி இன்னொரு பம்ப் போட்டார்கள். ஒரு சனிக்கிழமை அதுவும் கையை விரித்தது. ஹோட்டல் வாசலில், பெட்டியோடு ஒரு விருந்தாளி நிற்க, கார் சூட்டு வாடை அடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டது. வாசல் காவலாளி வேறு பக்கம் பார்த்தார். ஹோட்டல் மேனேஜர் வந்து, சரி செய்யாமல் இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று மரியாதையாகவே சொன்னார். அவமானம் வர வேண்டிய இடம். ரேடியோவுக்கு அதுவும் வரவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவன் எங்கே விட வேண்டும் என்று கேட்டபோதுதான் மச்சினன் ஞாபகம் வந்தது. மனைவியின் தம்பி. பஸ் பட்டறை வைத்திருக்கிறவர். பஸ்ஸில் இருப்பதும் பலூன்தான், ஆனாலும் ரேடியோ இவ்வளவு நாள் அவரிடம் காட்டவில்லை. தன் காரைப் பஸ் மெக்கானிக் தொடுவதா என்கிற பழைய திமிர். திமிரின் ருசி போய்விட்டது, பழக்கம் மட்டும் மிச்சம்.

இன்னொரு காரணமும் உண்டு. பட்டறைக்குப் பின்னால்தான் மச்சினன் வீடு. அந்த வீட்டில்தான் ரேடியோவின் மகள் இருக்கிறாள். மூன்றாம் வகுப்பு முடித்தவள். அம்மா இறந்த வாரம், கொஞ்ச நாளைக்கு என்று மாமாவும் அத்தையும் அழைத்துக்கொண்டு போனார்கள். ரேடியோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்ப்பார். கூடத்தில் ஒரு நாற்காலி, எதிரே ஒரு நாற்காலி. நல்லாப் படிக்கிறியா என்பார். "ம்" என்பாள். சாப்பிட்டியா என்பார். அதற்கும் "ம்". உனக்கு என்ன வேணும் என்று கேட்டால் அப்பாவைப் போலவே "ஒண்ணும் இல்ல" என்பாள். எதிரெதிரே இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு அவர் எழுந்து வெளியே வருவார்; கார் ஊஊ என்று அழுது எழும்; போய்விடுவார்.

அவளைப் பார்க்கும்போதுகூட நெஞ்சில் ஒன்றும் அசையாதது ரேடியோவைப் பயமுறுத்தியது. பயம் ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த உணர்ச்சி. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒன்றும் தோன்றாதவன் எப்படி வளர்ப்பான்? அவளும் தன்னைப் போலவே மரத்துப்போய்க் கொண்டிருக்கிறாள், தன்னோடு வந்தால் முழுசாக மரத்துவிடுவாள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். நான்காம் வகுப்புக்கு அவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று வருகிற திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். இங்கே சேர்த்தால் அவள் இந்த வீட்டுப் பிள்ளை. அது இந்த வருடத்தோடு நிற்கப்போகிற விஷயம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

மச்சினன் காரைச் சுற்றி வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "பம்ப் போகல அத்தான். சூடாகிப் படுத்திருக்கு. எங்கேயோ காத்து போகுது, இது அடிச்சு அடிச்சு மாளல" என்றார். பம்ப் ஆறியதும் கார் எழுந்தது. அதை லிஃப்டில் ஏற்றி மேலே தூக்கினார். நான்கு சக்கரங்களும் காற்றில் தொங்கின. வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து, பிரஷ்ஷால் நான்கு பலூன்களிலும், குழாய்களிலும், ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் நுரை குமிழ் விட வேண்டும். ஒரு குமிழும் இல்லை. இரண்டாம் தடவையும் பூசினார். சட்டையெல்லாம் சோப்பானதுதான் மிச்சம். முந்தைய பட்டறைக்காரர்களை வாயார வைதுகொண்டிருந்தவர், இப்போது வைவதை நிறுத்திக்கொண்டார்.

கீழே இறக்கிவிட்டு, காலையில் எந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்று கேட்டார். எந்தப் பக்கமும் இல்லை, மட்டம் பார்த்து வைத்த மாதிரி நாலும் சமமாக இறங்கியிருக்கும் என்றார் ரேடியோ. அதனால்தான் எல்லாரும் பம்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே நேரத்தில் நான்கு பலூன் போகுமா என்ன? மச்சினன் நெற்றியைச் சொறிந்தார். சோப்பு நெற்றிக்கும் போயிற்று.

"அத்தான், பஸ்ஸா இருந்தா ஓட்டை விழுந்த மூலை சாயும். பாத்த உடனே தெரியும். இது பெரிய இடத்து வண்டியாச்சே, சாஞ்சு நின்னா அதுக்குக் கௌரவம் போயிடும். ஒரு மூலை இறங்கினா மத்த மூணையும் அதுவே காத்தைப் பிடுங்கி அந்த அளவுக்கு இறக்கிடுதுன்னு நினைக்கிறேன். நாம நிறுத்திட்டுப் போன பிறகும் அதுக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் தூங்காது."

சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். காரை முழு உயரத்துக்கு எழுப்பினார். நான்கு சக்கரத்துக்கு மேலும் டேப் வைத்து அளந்து, அளவைத் தகட்டில் சாக்பீஸால் எழுதினார். பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, பலூன்களைக் கவனிக்கும் கம்ப்யூட்டரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி எந்த மூலை இறங்கினாலும் அது தனியாகத்தான் இறங்க வேண்டும். மற்ற மூன்றும் துணைக்குப் போக முடியாது. கசிவு மெதுவானது, அதனால் காலை வரை யாரும் தொடக்கூடாது, நீங்களும் இங்கேயே தங்கிவிடுங்கள் என்றார்.

கை துடைத்துக்கொண்டே பள்ளிக்கூட விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார். ரேடியோ டயர் அடுக்கைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"இங்கயே சேத்துடு மச்சான்."

மச்சினன் துடைத்த கையையே மறுபடி துடைத்தார். அக்கா மகளை வைத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் இந்தப் பதிலையும் அவர் எதிர்பார்க்கவில்லை. "சரி. ஆனா அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது" என்றார்.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. பழைய பேட்டரிகளுக்கும் காய்கிற துணிகளுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு போக வேண்டும். எப்போதும் வாசல் வழியாக வருகிறவர், ஊஊ என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டு வருகிறவர், அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சத்தமில்லாமல் பின்பக்கமாக வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. அவர் வந்திருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வீட்டையே தூக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணோ என்று நினைத்தார். இல்லை, அவர் மகள்தான். மச்சினனின் இரண்டு வாண்டுகளையும் தரையில் உட்கார வைத்து, முக்காலி மேல் ஏறிக்கொண்டு, ஒரு தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாண்டுகள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தாடையைத் தொங்கப்போட்டு, கண்ணைப் பாதி மூடி, "ஒண்ணும் இல்ல" என்றாள். சிறுவர்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அச்சு அசல் ரேடியோ. மூக்கைத் துடைக்கிற விதம் முதற்கொண்டு திருடியிருந்தாள். மரத்துப்போன பிள்ளை செய்கிற காரியமா இது?

பிறகு அவள் இன்னொன்றும் செய்தாள். இடது கையைப் பக்கத்துச் சீட்டில் ஊன்றுவது போல் காற்றில் ஊன்றி, பின்னால் திரும்பி, யாரும் இல்லாத சுவரைப் பார்த்து, "பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்டாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு முன்பக்கம் திரும்பி "ஊஊஊ" என்று நீளமாக இழுத்து, முக்காலி மேல் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். இதற்குத்தான் சிரிப்பு அதிகம்.

நானா இப்படிச் செய்கிறேன் என்று ரேடியோ யோசித்தார். இல்லை, இது அவள் சொந்தச் சரக்கு என்று நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளினார். சிரிப்பு பட்டென்று அறுந்தது. வாண்டுகள் எழுந்து நின்றார்கள். அத்தை அடுப்படியிலிருந்து வந்து, "வாங்கண்ணே" என்று ஆஸ்பத்திரியில் பேசுவது போலத் தணிந்த குரலில் சொன்னாள். மகள் முக்காலியை விட்டு இறங்கி, தட்டை வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்தாள். என்ன விளையாட்டு என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். இது நடிப்பு இல்லை.

சொல்ல வந்ததை ரேடியோ சொல்லவில்லை. அன்று சாப்பிடும்போதும் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த வரை அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை, கரண்டி கூடச் சத்தமில்லாமல்தான் வைக்கப்பட்டது.

காலையில் மச்சினன் கூப்பிட்டுக் காட்டினார். கார் சாய்ந்து நின்றது. மூன்று மூலை சாக்பீஸில் எழுதிய அளவில் நூல் பிசகாமல் இருக்க, பின்பக்க இடது மூலை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை அவர் லிஃப்டில் ஏற்றவில்லை. பட்டறைக் காற்றுக் குழாயை மாட்டி மூலையை எழுப்பி, சக்கரம் தரையில் ஊன்றியபடியே, தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டு சோப்பைப் பூசினார். பலூன் மடிகிற மடிப்பில் நுரை பொங்கியது. சின்னச் சின்னக் குமிழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக.

நேற்று தெரியாததற்குக் காரணம் தானே என்று அவர் ஒப்புக்கொண்டார். லிஃப்டில் தூக்கியதும் சக்கரம் தொங்கி, பலூன் நீண்டு, மடிப்பு விரிந்து ஓட்டை மூடிக்கொண்டுவிட்டது. பாரம் இருந்தால்தான் கசியும். படுத்தபடியே, குமிழ்களைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"மத்த மூணுலயும் ஒரு குத்தமும் இல்ல அத்தான். பாவம், இதுக்காக அதுங்களும் இறங்கிக்கிட்டு இருந்திருக்கு. அதைப் பாத்துட்டு எல்லாமே போச்சுன்னு நாம முடிவு பண்ணிட்டோம்."

ரேடியோ பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. மரத்துப்போனது அவர் ஒருத்தர் மட்டும்தான். அவள் நன்றாக இருந்தாள். அவர் வந்தால் அவருக்குச் சமமாக இறங்கி உட்கார்ந்தாள், அவர் போனதும் எழுந்துகொண்டாள். அதை இத்தனை மாதம் எதிரில் இருந்து பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் இங்கே விட்டுவிடுவதுதான் சரி என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அந்தப் பெல்ட் விஷயம் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது?

சந்து வழியாகப் போனார். அவள் துணிக் கொடியின் கீழே தனியாக நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தை இறக்கிக்கொண்டாள். நேற்றுச் செய்ததைச் செய்து காட்டு என்று கேட்டார். அவள் பயந்துபோய்த் தலையாட்டி மறுத்தாள். கோபம் இல்லை, நன்றாக இருந்தது, அதனால்தான் கேட்கிறேன் என்றார். அப்படி ஒரு நீளமான வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அவள் நம்பாமல் பார்த்தாள்.

"அந்தப் பெல்ட். அது நீயாச் சேத்ததுதானே?"

"இல்லப்பா. நீங்க செய்வீங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். கிளம்புறதுக்கு முன்னாடி பின்னாடி திரும்பிக் கேப்பீங்க. நான் ஜன்னல்ல நின்னு பாப்பேன்."

"வண்டியில யாருமே இல்லையே. யார்கிட்டக் கேக்கிறேன்?"

அவள் இதென்ன கேள்வி என்பது போல அவரைப் பார்த்தாள்.

"என்கிட்டதான். நானும் போட்டாச்சுன்னு சொல்வேன். உங்களுக்குக் கேக்காது."

ரேடியோ ஒரு பேட்டரி மேல் உட்கார்ந்தார். பின்சீட்டில் இடது பக்கம் அவள் இடம். சிறு வயதிலிருந்தே பெல்ட் போட அடம்பிடிப்பாள். திரும்பிப் பார்த்துக் கேட்காமல் அவர் வண்டியை நகர்த்தியதில்லை. எல்லாம் நின்றுபோயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்த உடம்பு, வாரத்துக்கு ஒரு முறை, அவரிடம் சொல்லாமலே திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அழுகை வரவில்லை. ஆனால் நெஞ்சில் ஓர் இடம் வலித்தது. தொட்டால் அது அவருடைய இடமாகவே இருந்தது.

என்னோடு வருகிறாயா என்று கேட்டார். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. அவள் அவர் மகள் அல்லவா, விவரமாகக் கேட்டாள்.

"வீட்டுல பேசுவீங்களா?"

பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். "தெரியலம்மா. வரலைன்னா வராது. அப்ப நீ பேசு. சத்தமாப் பேசு, பாடு, என்னைப் போலவே நடிச்சுக் காட்டு. எனக்காக நீ இறங்கிக்காத. அது மட்டும் வேண்டாம்."

அவள் யோசித்தாள். பிறகு உள்ளே போய், "அத்தை, என் பை எங்கே?" என்று வீடு அதிரக் கத்தினாள்.

மச்சினன் பழைய உதிரிச் சாமான் கடைக்காரரை ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து கிளப்பி, நல்ல பலூன் ஒன்று வாங்கி வந்து மாட்டினார். ஃபியூஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அதன் இடத்தில் செருகினார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பையைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அத்தைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் தலை பின்னுவார், பள்ளிக்கூடம் விட்டால் யார் கூட்டி வருவார் என்று அடுக்கினாள். பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் ஹோட்டல் சவாரி எடுப்பதாக ரேடியோ சொன்னார். பின்னல் போட மட்டும் கற்றுக்கொடு தங்கச்சி என்று கேட்டார். அத்தை மகளின் தலையை அவிழ்த்து, இரண்டு தடவை மெதுவாகப் பின்னிக் காட்டினாள்.

ரேடியோ வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். பம்ப் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. கார் ஏற்கெனவே நிமிர்ந்துதான் நின்றது. வாசலில் மச்சினனும் அத்தையும் வாண்டுகளும் கையசைத்தார்கள். பேசியாக வேண்டுமே என்று என்னென்னவோ யோசித்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. கியரில் கை வைத்தார். இடது கை தானாகப் பக்கத்துச் சீட்டில் ஊன்றியது. திரும்பினார்.

"பெல்ட் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல. பை மாட்டிக்கிச்சு. இருங்கப்பா."

ரேடியோ கியரிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரும்பியபடியே காத்திருந்தார்.